நாள் சராசரி 45 டெசிபல்தானே, அதற்கு ஏன் இத்தனை புகார்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "நெடுஞ்சாலை ஓரத்தில் 60, 65 டெசிபலில் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாயே திறப்பதில்லை. ஊருக்கு வெளியே, மரம் மட்டை சூழ்ந்த இடத்தில், விமானப் பாதைக்குக் கீழே இருப்பவர்கள்தான் மனு மேல் மனு போடுகிறார்கள். அங்கே நாள் சராசரி 45 டெசிபலைத் தாண்டவில்லை. இது இரைச்சல் பிரச்சினையா, மனப் பிரச்சினையா?"

பிப்ரவரி 4

நீங்கள் சொல்லும் அந்த 45 டெசிபல் பகுதியில்தான் நான் குடியிருக்கிறேன். அந்த எண் எப்படி வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு விமானம் கடக்கும்போது வாசலில் 70 டெசிபல் வருகிறது, அந்த அளவில் பத்து வினாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 30 விமானம். மொத்தம் 300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்து ஒலி ஆற்றலை 24 மணி நேரத்துக்கும் பரப்பிப் போட்டால் கிடைப்பது 45 டெசிபல் சொச்சம். அந்த 45-ஐ எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்குக் கேட்பது 30, இல்லாவிட்டால் 70.

சாலையோரத்து 60 அப்படியல்ல. பரபரப்பான சாலையில் எப்போது காது கொடுத்தாலும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். காதும் அதற்குப் பழகிப் பின்னால் தள்ளிவிடும். பத்து நிமிடம் ஒன்றுமில்லாமல் இருந்து, திடீரென்று 40 டெசிபல் ஏறி இறங்குவதைக் காது அப்படித் தள்ளிவிடாது. 10 டெசிபல் கூடினாலே ஒலி இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும் என்பார்கள். 40 என்றால் பதினாறு மடங்கு.

பிப்ரவரி 4, இரவு

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 30 விமானம் 60 ஆனால் இந்தச் சராசரி எவ்வளவு ஏறும்? 3 டெசிபல். 45 இருந்த இடத்தில் 48. அறிக்கையில் "சிறிய மாற்றம்" என்று எழுதிவிடலாம். அதைவிட மோசம், ஒவ்வொரு விமானமும் 3 டெசிபல் சத்தம் குறைந்ததாக மாறி, எண்ணிக்கை இரட்டிப்பானால் சராசரி அசையவே அசையாது. புதிய எஞ்சின்கள் உண்மையிலேயே சத்தம் குறைந்தவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு நடுவில் அறுபது முறை நிறுத்துவதும் முப்பது முறை நிறுத்துவதும் ஒன்று என்று எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்?

பிப்ரவரி 6

"எந்த 45 என்று சொல்லுங்கள்" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

நான் போட்ட கணக்கு வெறும் 24 மணி நேரச் சராசரி. பல நாடுகளில் இரவு விமானத்துக்கு 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுகிறார்கள், அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். ஐரோப்பிய முறையில் மாலை நேரத்துக்கும் 5 டெசிபல் கூட்டுவார்கள். என் உதாரணத்தில் 30-ல் ஆறு இரவில் வந்தால் 45 என்பது 50-ஐத் தொட்டுவிடும். விமானம் ஒன்றும் கூடவில்லை, நேரம்தான் வேறு.

ஐரோப்பியப் பகுதிக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரை விமானத்துக்கு 45 என்கிறது, மாலை இரவுக் கூட்டல்களோடு. இரவுக்கு மட்டும் 40. அதே ஆவணம் சாலைக்கு 53, ரயிலுக்கு 54 என்கிறது. ஆக, "நெடுஞ்சாலைக்காரன் பொறுக்கிறானே" என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. அளவுகோலை ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் சாலையைவிட எட்டு டெசிபல் கீழேயே விமானம் அதே அளவு எரிச்சலைக் கொண்டுவந்துவிடுகிறது.

பிப்ரவரி 7

"மனப் பிரச்சினை" என்ற சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது. எரிச்சல் மனதில்தான் ஏற்படும், வேறெங்கே ஏற்படும்? அதை அளக்கவும் முறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 15666 என்ற தரநிலையில் கேள்வியே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். கடந்த 12 மாதங்களில், வீட்டில் இருக்கும்போது, இந்தச் சத்தம் உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தது, சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது, பத்து சொல்கிறவர்களைக் "கடும் எரிச்சல் அடைந்தவர்கள்" என்று கணக்கில் வைப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு வந்தது, பத்து சதவீதம் பேர் கடும் எரிச்சலுக்குப் போகும் அளவை வைத்து.

ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எரிச்சல் வேறுபடுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒலி அளவு விளக்குகிறது என்று ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். மீதியில் என்னென்ன? சத்தத்துக்குக் கூசும் இயல்பு, தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம், நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை, நம்மால் எதையும் மாற்ற முடியுமா என்ற உணர்வு, இந்த இடத்தில் என்ன கேட்கும் என்ற எதிர்பார்ப்பு. இவை எல்லாம் நியாயமான காரணங்கள். அமைதிக்காகவே ஓரிடத்துக்கு வந்தவரின் எதிர்பார்ப்பைக் கோளாறு என்று சொல்லக் கூடாது.

பிப்ரவரி 11

விடியற்காலையில் ஒலிப்பதிவு செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. பறவைகள், தவளைகள், மழைக்கு முந்தைய காற்று. இதைச் சொல்லக் காரணம், பதிவை அலைமாலை வரைபடமாக, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படமாக, விரித்தால் விமானம் எப்படித் தெரியும் என்பதைக் காட்டத்தான்.

முதலில் படத்தின் அடியில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒரு மங்கல் படியும். அப்போது காதுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்த மங்கல் மேலேறும். அதற்குள் வளைந்த பட்டைகள் தெரியும், பிறை வடிவில், ஒன்றுக்குள் ஒன்று. விமானத்திலிருந்து நேரே வரும் ஒலியும் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் ஒன்றோடொன்று மோதி சில அதிர்வெண்களை அழிப்பதால் வருகிற கோலம் அது. தலைக்கு மேல் வரும்போது 3000, 4000 ஹெர்ட்ஸ் வரை நிரம்பிவிடும். பறவைகள் பாடும் சுருதியும் அதுதான். பிறகு மெல்ல வடியும். மேல் அதிர்வெண்களைக் காற்று உறிஞ்சிவிடும், அடிமங்கல் மட்டும் வெகுநேரம் நிற்கும். நான் பத்து வினாடி என்று கணக்குக்காகச் சொன்னேன். படத்தில் தலையிலிருந்து வால் வரை பார்த்தால், அமைதியான காலையில் ஒரு விமானம் மூன்று நான்கு நிமிடம் இருக்கும். அடுத்தது அதற்குள் வந்துவிட்டால் இடைவெளி என்பதே கிடையாது.

நகரத்தில் அந்த வாலைப் போக்குவரத்து விழுங்கிவிடும். இங்கே விழுங்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. "கேட்கிறதா இல்லையா" என்பதையே அளவாக வைத்த இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன். 1986-இல் அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போன சிறு விமானமும் ஹெலிகாப்டரும் நடுவானில் மோதி 25 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது. அது பாதுகாப்போடு நிற்கவில்லை, பூங்காவின் இயற்கை அமைதியை "கணிசமாக மீட்க வேண்டும்" என்றும் சொன்னது. கணிசம் என்றால் எவ்வளவு? பூங்கா நிர்வாகம் கொடுத்த விளக்கம் இது: பூங்காவின் பாதிப் பரப்பிலாவது, நாளின் நான்கில் மூன்று பங்கு நேரமாவது, விமானச் சத்தம் காதில் விழக் கூடாது.

சராசரி டெசிபல் என்ற பேச்சே அதில் இல்லை. பின்னணி 20 டெசிபலுக்கும் கீழே இறங்கும் இடங்கள் அங்கே உண்டு. அங்கே போய் "சராசரி 45-தான்" என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். மனிதர் குடியிருக்கும் அமைதியான இடங்களுக்கும் இதே மாதிரி அளவுகோல் வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான்கில் மூன்று என்று கேட்கவில்லை. எத்தனை முறை கேட்கிறது, எவ்வளவு நேரம் கேட்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், அதுபோதும்.

பிப்ரவரி 15

எதிர்பார்த்த வாதம் வந்துவிட்டது: "விமான நிலையம் முதலில் வந்ததா, நீங்கள் முதலில் வந்தீர்களா?"

விமான நிலையம்தான் முதலில். ஆனால் பாதை பிறகு வந்தது. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் விமானங்கள் தரையிலுள்ள வழிகாட்டிக் கருவிகளையும் கட்டுப்பாட்டு அறையின் சொல்லையும் வைத்துப் பறந்ததால் அகலமாகச் சிதறி வந்தன. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின் ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, கம்பி இழுத்தது போல வருகின்றன. மொத்தத்தில் எரிபொருள் மிச்சம். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மட்டும் அத்தனையும் தலைக்கு மேல்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் இப்படித்தான் பாதைகள் மாறின. பழைய அமைதியான குடியிருப்புகளுக்கு மேல் விமானங்கள் குவிந்தன, புகார்கள் கொட்டின. குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள், சராசரியை வைத்து. நகர நிர்வாகமும் குடியிருப்போரும் வழக்குப் போட்டு, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள்.

எங்கள் பகுதியிலும் ஒரு காலை திடீரென்றுதான் ஆரம்பித்தது. அறிவிப்பு இல்லை. முதல் வாரம் ஏதோ தற்காலிகம் என்று நினைத்தோம்.

பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

சிட்னியை விட்டுவிட்டேன், அது இதைவிடப் பொருத்தம். 1994-இல் அங்கே மூன்றாவது ஓடுபாதை திறந்தபோது, வரைபடத்தில் இரைச்சல் கோட்டுக்கு (சராசரி இரைச்சல் ஓர் அளவைத் தாண்டும் பகுதியைச் சுற்றி வரையும் எல்லைக்கு) வெளியே இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றும் வராது என்று நம்பியிருந்தார்கள். புகார்களில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. நாடாளுமன்ற மேலவை விசாரணை வரை போயிற்று. அதிலிருந்து பிறந்த நல்ல விஷயம், சாதாரண மனிதருக்குப் புரிகிற ஓர் அளவு. என்70 என்பார்கள், 70 டெசிபலைத் தாண்டிய விமானங்கள் நாளைக்கு எத்தனை என்பதுதான் அது. ஏன் 70? ஜன்னல் திறந்த வீட்டுக்குள் அது 60 ஆக இறங்கும், பேச்சு தடைபடுவது அங்கேதான்.

என்னைக் கேட்டால் அமைதியான இடத்துக்கு 70-ம் அதிகம். என்60 போட வேண்டும், இரவுக்குத் தனியாக.

பிப்ரவரி 19

"பழைய ஆய்வு ஒன்றில் 65 டெசிபலில்கூடப் பன்னிரண்டு சதவீதம் பேருக்குத்தான் கடும் எரிச்சல் என்று இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. எத்தனை டெசிபலில் எத்தனை சதவீதம் பேருக்குக் கடும் எரிச்சல் என்று காட்ட, தியோடர் ஷுல்ட்ஸ் 1978-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட வளைகோட்டிலிருந்து வந்தது அது. சாலை, ரயில், விமானம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தது. 1990-களில் திருத்திய வடிவில்தான் 65-க்கு 12 சதவீதம் சொச்சம் என்று வருகிறது. விமான இரைச்சலுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் 65 என்ற வரம்பு இதன்மேல்தான் நிற்கிறது.

அதே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 20 விமான நிலையங்களைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2021-இல் முடிவை வெளியிட்டது. 65-இல் கடும் எரிச்சல் அடைந்தவர்கள் 60 முதல் 71 சதவீதம். 50-இல் 15 முதல் 23 சதவீதம். பழைய வளைகோடு 65-க்குச் சொன்ன அளவை மக்கள் இப்போது 50-இலேயே தாண்டிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். விமானங்கள் எண்ணிக்கையில் கூடியதே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 21

இந்த இழையில் மிகக் கடினமான கேள்வியை ஒரு பெண் வாசகர் போட்டிருக்கிறார்: "அப்படியானால் பாதையைச் சிதறவிடலாமா? இல்லை, ஆள் குறைந்த பக்கம் மொத்தமாகத் திருப்பிவிடலாமா?"

சிதறவிட வேண்டும் என்பதுதான் முதலில் என் நிலை. கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் யோசிக்க யோசிக்க அது அவ்வளவு எளிதாக இல்லை. அமைதியான பகுதியில் ஒரு நாளைக்கு ஐந்து விமானமே போதும், அமைதி போய்விடும். சிதறவிட்டால் ஒருவருக்கு முப்பது என்பது ஆறு ஊருக்கு ஐந்து ஐந்தாகும். முன்பு ஓர் ஊர்தான் இழந்தது, இப்போது ஆறு ஊர் இழக்கும்.

ஆள் குறைந்த பக்கம் திருப்புவது கணக்கில் அழகாகத் தெரியும், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை குறையும். அந்தக் கணக்கில் அமைதியான இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் குறைவு என்பதால் அவர்களுடைய இழப்பும் சிறிது என்று அர்த்தமில்லை. நகரத்திலிருந்து ஓய்வுக்கு வருகிறவர்களும் அங்கேதான் வருகிறார்கள்.

உயரமும் இதில் சேர்கிறது. பிரிட்டனின் வான்வழி வழிகாட்டலில் 4,000 அடிக்குக் கீழே இரைச்சலுக்கு முதலிடம். 7,000 அடிக்கு மேலே கரியமில வாயுவைக் குறைப்பதற்கு முதலிடம், இரைச்சல் அங்கே முதன்மையல்ல. நகரத்தில் நின்றால் 8,000 அடி விமானம் தெரியவே தெரியாது. பின்னணி 30-க்குக் கீழே இருக்கும் இடத்தில் நன்றாகவே கேட்கும்.

இப்போது என் மனதில் நிற்பது முறைவைத்து ஓய்வு தருவது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில், விமானங்கள் மேற்குப் பக்கமாக இயங்கும் நாட்களில் தரையிறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுவார்கள். ஒரு வாரம் காலை இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம். எப்போது சத்தம் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவது மிகப் பெரிய விஷயம். அந்த நேரத்துக்கு வேலையை, தூக்கத்தை, விருந்தாளியை ஒதுக்கிவைக்கலாம்.

மார்ச் 2

பெரிய விமானத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி விமானங்களை யாரும் தொடவில்லை. நிதானமான காற்றுள்ள விடுமுறை நாள் காலையில் ஒரே விமானம் இறங்கி, சக்கரம் பட்டதும் மறுபடி ஏறி, வட்டமடித்துத் திரும்ப வரும். அதே குரல், அதே இடைவெளி.

அதன் இரண்டு இதழ் சுழலி (புரொப்பெல்லர்) நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் அதன் அடிநாதம் 80 ஹெர்ட்ஸ். காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒவ்வோர் அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்க டெசிபல் மானியில் வழக்கமாக வைக்கும் ஏ-எடையிடல் அந்த அதிர்வெண்ணில் 22 டெசிபலுக்கு மேல் கழித்துவிடும். மெல்லிய ஒலியில் காதும் தாழ்ந்த சுருதியைக் குறைத்துத்தான் கேட்கும், அதனால் கழிப்பது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரும் ஜன்னலும் தாழ்ந்த சுருதியை நன்றாகத் தடுப்பதில்லை. கதவைச் சாத்தினால் மேல் ஒலிகள் போய், அந்த ரீங்காரம் மட்டும் அறைக்குள் தனியாக நிற்கும். எண் குறைந்துவிட்டது, தொந்தரவு குறையவில்லை.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுங்கள் என்கிறவர்களுக்கு: இங்கே பகல் பொழுது முழுக்க நாங்கள் இருப்பது வெளியே.

மார்ச் 3

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு. 1992 மே மாதம் மியூனிக் நகரின் விமான நிலையம் பழைய இடத்தை மூடிவிட்டு, அதுவரை அமைதியாக இருந்த வேறோர் இடத்துக்கு ஒரே இரவில் மாறியது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள். மாறிய பிறகு புதிய இடத்தில் வாசிப்பும் நீண்ட கால நினைவும் பின்னடைந்தன, பழைய இடத்தில் தேறின. மன உளைச்சலோடு வரும் ஹார்மோன்களும் புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஏறியிருந்தன. சத்தம் போனால் தேறுகிறார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தரும் பகுதி.

மார்ச் 9

புகார் எழுதுவது பற்றித் தனிச்செய்தியில் பலர் கேட்கிறார்கள். "தாங்க முடியவில்லை" என்று நான் ஆரம்பத்தில் அனுப்பியவற்றுக்கு, "இரைச்சல் வரம்புக்குள் உள்ளது" என்று ஒரே வாசகம் பதிலாக வந்தது. இப்போது நான் செய்வது வேறு. நேரம், ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் தெரியும் உயரம், விமான வகை, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம், இவ்வளவும் ஒரு வரியில். கைபேசி டெசிபல் செயலியை நம்பி எண் எழுதாதீர்கள், அமைதியான இடத்தில் பல கைபேசி மைக்குகளின் சொந்த இரைச்சலே பின்னணியைவிட அதிகம். அதற்குப் பதில் "காலை 6 முதல் 7 வரை இத்தனை முறை" என்று எழுதினால் மறுக்க முடியாது. கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். சராசரி எவ்வளவு என்று கேட்காதீர்கள். 60-ஐத் தாண்டியவை எத்தனை, போன ஆண்டு இதே மாதம் எத்தனை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதிலில் முதல்முறையாக ஓர் எண் இருந்தது.

தினம் ஐம்பது புகார் அனுப்புவது பலன் தராது. ஒரே வீட்டிலிருந்து வருபவை என்று மொத்தமாக ஒதுக்க அது வசதியாகிவிடும். பத்து வீடுகள் ஆளுக்கு ஒன்று அனுப்பலாம்.

மார்ச் 16

அமைதியான இடத்தில் வீடு பார்க்கும் ஒருவர், எதைச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறார். வரைபடத்தில் இரைச்சல் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்து ஏறி இறங்கும். காற்று திசை மாறினால் ஓடுபாதையின் எந்த முனை என்பதும் மாறும், உங்கள் தலைக்கு மேலே உள்ள பாதையும் மாறும். நீங்கள் போன நாள் எதிர்த்திசைக் காற்றாக இருந்திருந்தால் ஒரு விமானமும் கேட்டிருக்காது. இரண்டு காற்றிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள், அதில் ஒன்று விடியற்காலையாக இருக்கட்டும். பக்கத்தில் சிறு விமானத் தளம் இருந்தால் விடுமுறை நாள் காலையிலும் போங்கள். தரகரை அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.